கணக்குக் குளிசை: பிள்ளை வைத்தியர் சாள்ஸ் பிராட்லியின் வாழ்வும் எச்சரிக்கையும்

இருந்த இடத்தில் இருக்காத பிள்ளை. கொப்பியைத் திறந்தவுடன் யன்னலுக்கு வெளியே போய்விடும் கண்கள். வகுப்பாசிரியையிடமிருந்து வாரம் தவறாமல் வரும் முறைப்பாடு. இப்படியான பிள்ளைக்கு நம்மிடையே பெரும்பாலும் கிடைப்பது குழப்படிக்காரன் என்ற பெயரும் அடியும்தான். சில பெற்றோர் உளநல வைத்தியரிடம் கொண்டுபோகிறார்கள். பிள்ளைக்கு அவதானக் குறைபாடு இருக்கிறது என்று அவர் சொல்கிறார். சில வேளைகளில் அவர் எழுதிக்கொடுக்கும் குளிசை மனச்சோர்வுக்கென்று கொடுக்கப்படும் வகையைச் சேர்ந்ததாக இருக்கும். அதை அறியும்போது பெற்றோர் திகைத்துப்போகிறார்கள். துள்ளித்திரியும் பிள்ளைக்குச் சோர்வு மருந்து எதற்கு? அதைக் கொடுத்தால் பிள்ளைக்கு என்ன ஆகும்?

இந்தக் கேள்வி இன்று நேற்று பிறந்ததல்ல. பிள்ளைகளின் அவதானக் குறைபாட்டுக்கு மருந்து கொடுக்கத் தொடங்கிய முதல் நாளிலிருந்தே அது கூடவே வருகிறது. அந்தத் தொடக்கம் அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான றோட் ஐலண்டில், சாள்ஸ் பிராட்லி என்ற பிள்ளை வைத்தியரின் கையால் நிகழ்ந்தது. 1902 இல் பிறந்து 1979 இல் மறைந்த அவருடைய பெயர் உளமருத்துவ வரலாற்றில் இன்றும் விடாமல் சொல்லப்படுகிறது. அவர் கண்டதைப் பலர் பேசுகிறார்கள். அவர் எச்சரித்ததைப் பேசுவோர் குறைவு.

எம்மாவுக்காக எழுந்த வீடு

சாள்ஸின் கதை அவர் பிறப்பதற்கு முன்பே, அவருடைய குடும்பத்தில் நடந்த ஒரு துயரத்தில் தொடங்குகிறது. அவருடைய பெரிய தாத்தா முறையான ஜோர்ஜ் லாத்ரொப் பிராட்லி, தொலைபேசி உலகத்துக்கு அறிமுகமான காலத்தில் பெல் தொலைபேசி நிறுவனத்தில் முதலிட்டுப் பெரும் செல்வம் ஈட்டியவர். அவருக்கும் மனைவி ஹெலனுக்கும் ஒரே மகள். பெயர் எம்மா பென்டில்டன் பிராட்லி. ஏழு வயதுவரை மற்றப் பிள்ளைகளைப்போல ஓடி விளையாடிய எம்மாவை மூளை அழற்சி தாக்கியது. உயிர் தப்பினாலும் உடலும் அறிவும் கடுமையாகப் பாதிக்கப்பட்டன.

பணத்துக்குக் குறைவில்லாத அந்தப் பெற்றோர் வைத்தியர்களைத் தேடி அலைந்தார்கள். அப்படியான ஒரு பிள்ளையை ஏற்றுப் பராமரிக்கவும் சிகிச்சை கொடுக்கவும் பொருத்தமான இடம் எதுவும் அன்று இருக்கவில்லை. தம் மகளுக்குக் கிடைக்காதது மற்றப் பிள்ளைகளுக்காவது கிடைக்கவேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். தம் சொத்தைக் கொண்டு அப்படியான பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் அமைக்கவேண்டும் என்று ஜோர்ஜ் தன் உயிலில் எழுதிவைத்தார். 1906 இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு எம்மாவும் இறந்துபோனார்.

அந்த விருப்பம் கட்டடமாக எழக் கால் நூற்றாண்டு சென்றது. 1931 இல் கிழக்கு புரொவிடன்ஸ் நகரில் எம்மா பென்டில்டன் பிராட்லி இல்லம் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் பிள்ளைகளுக்கென்று மட்டுமே அமைந்த முதலாவது உளநல வைத்தியசாலை என்று அது அறியப்படுகிறது. ஹாவர்ட் மருத்துவக் கல்லூரியில் படித்து, பிள்ளை மருத்துவத்தில் பயிற்சி பெற்றிருந்த சாள்ஸ் பிராட்லி அங்கே பணிக்கு வந்து, பின்னர் அதன் மருத்துவப் பணிப்பாளரானார்.

இல்லத்தில் இருந்த பிள்ளைகள் ஒரே வகையினர் அல்லர். வலிப்பு நோயுள்ளவர்கள், மூளை அழற்சியின் பின் குணம் மாறிப்போனவர்கள், காரணம் தெரியாமல் ஆத்திரப்படுபவர்கள், எவருடனும் சேராமல் ஒதுங்கியிருப்பவர்கள், நல்ல புத்தி இருந்தும் படிப்பில் நிலைக்க முடியாதவர்கள் என்று பலர். அவர்கள் அங்கேயே தங்கினார்கள், அங்கேயே படித்தார்கள், விளையாடினார்கள். தாதியரும் ஆசிரியர்களும் இரவு பகலாக அவர்களைக் கவனித்துக் குறிப்பெழுதினார்கள். பிராட்லி பின்னால் கண்டறிந்தவற்றுக்கெல்லாம் இந்த ஓயாத கவனிப்பே அடித்தளம்.

தலைவலிக்குக் கொடுத்த மருந்து

இன்று மூளையைப் பார்க்க ஸ்கான் இயந்திரங்கள் உள்ளன. அன்று இருந்த வழி கொடூரமானது. முதுகுத்தண்டில் ஊசி ஏற்றி, மூளையைச் சூழ்ந்திருக்கும் திரவத்தை வெளியே எடுத்து, அந்த இடத்தில் காற்றைச் செலுத்தி எக்ஸ்றே பிடிப்பார்கள். பிள்ளைகளின் நடத்தைக்கு மூளையில் ஏதும் காரணம் உண்டா என்று அறிய இந்தப் பரிசோதனை பிராட்லி இல்லத்திலும் நடந்தது. அதன்பின் பிள்ளைகளுக்குத் தாங்கமுடியாத தலைவலி வந்தது.

இழந்த திரவம் விரைவாக ஊறினால் தலைவலி குறையும் என்று பிராட்லி எண்ணினார். அதைத் தூண்டக்கூடும் என்ற நினைப்பில் அவர் தேர்ந்தெடுத்தது பென்செட்ரின் என்ற புதிய மருந்து. அம்பெற்றமின் வகையைச் சேர்ந்த அதை, ஸ்மித் கிளைன் அன்ட் பிரெஞ்ச் என்ற அமெரிக்க நிறுவனம் மூக்கடைப்புக்கு உறிஞ்சும் மருந்தாக ஏற்கனவே விற்றுவந்தது.

தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் வகுப்பறையில் ஒரு மாற்றத்தை ஆசிரியர்கள் கண்டார்கள். படிப்பைத் தொடாத பிள்ளைகள் தாமாகவே இருந்து கணக்குச் செய்தார்கள். தொடங்கிய வேலையை முடித்தார்கள். பிள்ளைகளே மாற்றத்தை உணர்ந்து, அந்த மருந்துக்குக் கணக்குக் குளிசை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

எதிர்பார்த்தது நடக்காதபோது ஒரு வைத்தியர் அந்த மருந்தைக் கைவிட்டிருக்கலாம். பிராட்லி ஆசிரியர்களின் பேச்சுக்குக் காது கொடுத்தார். வகுப்பறையில் அவர்கள் கண்டதை முறையாகப் பரிசோதிக்க முடிவுசெய்தார்.

முப்பது பிள்ளைகள், மூன்று வாரங்கள்

இல்லத்திலிருந்த 30 பிள்ளைகள் ஆய்வுக்கு எடுக்கப்பட்டார்கள். 21 பேர் ஆண்கள், 9 பேர் பெண்கள். வயது 5 முதல் 14 வரை. முதல் வாரம் மருந்தில்லாமல் கவனித்தார்கள். இரண்டாவது வாரம் நாள்தோறும் காலையில் பென்செட்ரின் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் மருந்தை நிறுத்தி மீண்டும் கவனித்தார்கள்.

30 பேரில் 14 பேருடைய படிப்பில் வியக்கத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. மருந்து கொடுத்த முதல் நாளே அது வந்தது, நிறுத்திய முதல் நாளே போனது. 15 பேர் உணர்ச்சிக் கொந்தளிப்புத் தணிந்து அமைதியானார்கள். எல்லோருக்கும் அப்படி நடக்கவில்லை. சில பிள்ளைகள் வழமையைவிட அதிகம் அழுதார்கள். சிலருக்குப் பரபரப்புக் கூடியது. இதையும் பிராட்லி மறைக்காமல் எழுதினார். அவருடைய ஆய்வுக் கட்டுரை 1937 நவம்பரில் அமெரிக்க உளமருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது.

இன்றைய அளவுகோலால் பார்த்தால் அந்த ஆய்வில் குறைகள் உண்டு. யாருக்கு உண்மை மருந்து, யாருக்குப் போலி மருந்து என்று தெரியாமல் வைத்து ஒப்பிடும் முறை அதில் இல்லை. பிள்ளைகளின் பிரச்சினைகளும் ஒரே வகையானவை அல்ல. அவதானக் குறைபாடு என்ற நோய்ப்பெயரே அன்று இருக்கவில்லை. ஆனாலும் மருந்தொன்று பிள்ளையின் நடத்தையையும் கற்றலையும் மாற்றக்கூடும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய முதல் ஆய்வுகளில் ஒன்றாக அது நிலைத்துவிட்டது.

அந்தக் கட்டுரையில்தான் பிராட்லி தன் எச்சரிக்கையையும் பதிவுசெய்தார். அறிகுறிகளை அடக்குவதற்காக இந்த மருந்தைக் கண்டபாட்டுக்குக் கொடுத்தால், பிள்ளையின் நடத்தைக்குப் பின்னால் இருக்கும் உண்மையான காரணம் மறைந்துபோகும் என்றார். ஒவ்வொரு பிள்ளையிலும் அந்தக் காரணத்தைத் தேடவேண்டிய கடமை மருந்தால் நீங்கிவிடாது என்பதே அவருடைய நிலைப்பாடு.

ஒரே குளிசை, இரண்டு பெயர்கள்

பிராட்லியின் கட்டுரை வெளிவந்த அதே 1937 இன் இறுதியில், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அங்கீகாரக் குழு பென்செட்ரின் குளிசையைச் சில நோய்களுக்கு ஏற்றுக்கொண்டது. கட்டுப்படுத்த முடியாமல் தூங்கிவிழும் நோய் அவற்றில் ஒன்று. இலேசான மனச்சோர்வு இன்னொன்று. பொஸ்டன் நகர உளமருத்துவர் ஏபிரகாம் மயர்சன் மனச்சோர்வுக்கு அதைப் பெரிதும் பரிந்துரைத்தார். நிறுவனமும் அப்படியே விளம்பரம் செய்தது. மனச்சோர்வுக்கான முதல் நவீன மருந்து என்று வரலாற்றாய்வாளர்கள் சிலர் பென்செட்ரினையே குறிப்பிடுகிறார்கள்.

ஆக, சோர்ந்துபோன பெரியவரை எழுப்பும் மருந்து என்று விற்கப்பட்ட அதே குளிசைதான் துள்ளித்திரிந்த பிள்ளையை இருத்திப் படிக்கவைத்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க, பிரித்தானியப் படையினருக்குத் தூக்கத்தை விரட்டக் கொடுக்கப்பட்டதும் அதே பென்செட்ரின்தான்.

இந்த முரண் பிராட்லியையும் யோசிக்கவைத்தது. மூளையில் மற்றப் பகுதிகளைக் கட்டுப்படுத்தும் மேல்நிலை மையங்களை மருந்து தூண்டுகிறது போலும், கட்டுப்பாடு வலுப்பெறுவதால் நடத்தை அடங்குகிறது போலும் என்று அவர் ஊகித்தார். இன்றைய விளக்கமும் அதிலிருந்து வெகுதூரம் போகவில்லை. நெற்றிப்புற மூளையில் டோபமின், நொரட்ரினலின் என்ற இரசாயனங்களின் அளவு கூடும்போது, கவனத்தை ஒரு இடத்தில் நிறுத்தும் திறனும் உந்துதலை அடக்கும் திறனும் மேம்படுகின்றன. மருந்துக்கு நாம் வைக்கும் பெயர் அது முதலில் எந்த நோய்க்கு விற்கப்பட்டது என்பதைச் சொல்கிறது. உடலுக்குள் அது தொடும் இரசாயனம் ஒன்றுக்கு மேற்பட்ட நோய்களில் பங்குகொள்கிறது.

காணாமற்போன கால் நூற்றாண்டு

பிராட்லி தொடர்ந்து உழைத்தார். 1941 இல் 100 பிள்ளைகளின் விபரங்களுடன் ஒரு கட்டுரையும், பிள்ளைகளுக்கு ஏற்படும் மனச்சிதைவு நோய் பற்றிய நூலும் வெளியிட்டார். 1948 இல் நாட்டின் மறுகோடியிலுள்ள ஒறிகன் மாநிலத்துக்குச் சென்று மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். 1950 இல், முந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளில் கண்டதைத் தொகுத்து எழுதினார்.

உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. அமெரிக்க உளமருத்துவத்தில் அன்று ஆட்சி செய்தது உளப்பகுப்பாய்வு. பிள்ளையின் குழப்படிக்குப் பெற்றோரின், குறிப்பாகத் தாயின், வளர்ப்பில் குற்றம் தேடிய காலம் அது. மருந்தால் பிள்ளை மாறக்கூடும் என்ற கருத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை.

1957 இல், பிராட்லிக்குப் பின் அந்த இல்லத்தைப் பொறுப்பேற்ற மொறிஸ் லோஃபரும் சகாக்களும் மிகையாக இயங்கும், உந்துதலை அடக்கமுடியாத பிள்ளைகளின் நிலையை ஒரு தனிக் கோளாறாக விபரித்தார்கள். சுவிற்சர்லாந்தின் சிபா நிறுவனத்தில் 1944 இல் உருவாக்கப்பட்ட மெதைல்பெனிடேற், றிற்றலின் என்ற பெயரில் 1950களில் சந்தைக்கு வந்தது. 1960களில் முறையான ஆய்வுகள் தொடங்கின. பிராட்லி கண்டது சரி என்பது அப்போது உறுதியாயிற்று. அவர் இறந்தது 1979 இல். அவதானக் குறைபாடு என்ற பெயர் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் ஏறியது அடுத்த ஆண்டு, 1980 இல்.

அவர் இறப்பதற்கு ஓராண்டு முன்னர் இன்னொரு முக்கியமான முடிவு வெளிவந்தது. ஜூடித் றப்பப்போர்ட் என்ற உளமருத்துவரும் குழுவினரும், எந்தக் கோளாறும் இல்லாத சிறுவர்களுக்கு அம்பெற்றமின் வகை மருந்தை ஒருமுறை கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களும் அமைதியாகி, கூடுதல் கவனம் செலுத்தினார்கள். மருந்து வேலைசெய்தது என்பதை வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு அவதானக் குறைபாடு இருந்தது என்று முடிவுகட்ட முடியாது என்பது இதனால் தெளிவானது. 1937 இல் பிராட்லி அஞ்சியதும் இதை ஒட்டியதுதான்.

மனச்சோர்வு மருந்துகள் திரும்பி வந்தன

பென்செட்ரினின் மவுசு பெரியவர்களிடையே அடிமைப்பழக்கமாக மாறியது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அம்பெற்றமின் வகைகளைக் கடும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இதற்கிடையில் மனச்சோர்வுக்கு வேறு மருந்துகள் வந்துவிட்டன. 1957 இல் சுவிற்சர்லாந்தின் உளமருத்துவர் றோலன்ட் கூன் இமிப்ரமின் என்ற மருந்தைப் பற்றி அறிவித்தார். 1960களிலேயே அது நடத்தைக் கோளாறுள்ள பிள்ளைகளுக்கும் கொடுத்துப் பார்க்கப்பட்டது. பலனும் இருந்தது. ஆனால் பெரும்பாலும் அது றிற்றலினுக்கு அடுத்தபடியாகவே நின்றது.

அதே குடும்பத்தைச் சேர்ந்த டெசிப்ரமின் ஒரு காலம் பரவலாகக் கொடுக்கப்பட்டது. 1990 அளவில், அதை எடுத்துவந்த சில பிள்ளைகள் திடீரென இறந்த செய்திகள் மருத்துவச் சஞ்சிகைகளில் வந்தன. இதயத் துடிப்பில் இந்த மருந்துகள் ஏற்படுத்தும் பாதிப்பு பற்றிய அச்சம் பரவி, பிள்ளைகளுக்கு அவற்றை எழுதுவது வெகுவாகக் குறைந்தது.

பின்னர் வந்தது அற்றொமொக்சற்றின். மனச்சோர்வு மருந்தாக உருவாக்கப்பட்டு, அந்த நோயில் எதிர்பார்த்த பலன் தராமற்போன மருந்து இது. நொரட்ரினலினைக் கூட்டும் அதன் தன்மை அவதானக் குறைபாட்டுக்கு உதவியது. 2002 இல் அமெரிக்கா அதை இந்தக் கோளாறுக்கென்றே அங்கீகரித்தது. பியூப்புரோபியன் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தும், வழமையான மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சில வைத்தியர்களால் எழுதப்படுகிறது.

எல்லா மனச்சோர்வு மருந்துகளும் இப்படி உதவுவதில்லை. இன்று அதிகம் எழுதப்படும் ஃபுளுவொக்சற்றின் போன்றவை செரற்றொனின் என்ற வேறொரு இரசாயனத்தில் வேலைசெய்கின்றன. அவதானக் குறைபாட்டின் அடிப்படை அறிகுறிகளுக்கு அவற்றால் பெரிய பலன் கிடைப்பதில்லை. ஆனால் இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதகளிப்பும் கூடவே வருவது சாதாரணம். ஆண்டுக்கணக்காக ஏச்சும் அடியும் தோல்வியும் கண்ட பிள்ளை சோர்ந்துபோவதில் வியப்பில்லை. அப்போது அந்தச் சோர்வுக்காக இவை சேர்த்துக் கொடுக்கப்படலாம். எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதைப் பெற்றோர் வைத்தியரிடமே கேட்டு அறிந்துகொள்ளவேண்டும்.

இதில் கவனம் தேவைப்படும் இடமும் உண்டு. பிள்ளைகளும் இளவயதினரும் மனச்சோர்வு மருந்துகளைத் தொடங்கும்போது சிலரில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004 இல் எச்சரித்தது. அடுத்த ஆண்டு அற்றொமொக்சற்றினுக்கும் அதே எச்சரிக்கை வந்தது. மருந்தே வேண்டாம் என்பது இதன் பொருளல்ல. முதல் வாரங்களிலும் அளவு மாற்றப்படும்போதும் பிள்ளையின் பேச்சையும் தூக்கத்தையும் முகத்தையும் வீட்டார் கூர்ந்து பார்க்கவேண்டும். மாற்றம் தெரிந்தால் உடனே வைத்தியரிடம் சொல்லவேண்டும். தாமாக மருந்தைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

அந்த எச்சரிக்கை நமக்கும்

பிராட்லி நம் நிலத்தை அறிந்தவரல்லர். ஆனால் அறிகுறி அடங்கினால் காரணம் மறையும் என்ற அவருடைய எச்சரிக்கை, போர் கடந்துபோன வீடுகளுக்கு நெருக்கமாகப் பொருந்துகிறது.

கவனம் சிதறுவது நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடுவின் அறிகுறிகளிலும் ஒன்று. தூக்கமின்மை, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுவது, காரணமின்றி எரிந்துவிழுவது எல்லாம் சேரும்போது, வகுப்பறையில் அது அவதானக் குறைபாட்டைப் போலவே தெரியும். இரண்டும் ஒரே பிள்ளையில் இருக்கவும் கூடும். போரைக் காணாமல் பிறந்த பிள்ளைகளும் போரைக் கண்ட வீடுகளில்தான் வளர்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவருக்காகக் காத்திருக்கும் வீட்டில், இரவில் கத்தி எழும் தகப்பனுக்குப் பக்கத்தில் படுத்தெழும்பும் பிள்ளை, காலையில் கரும்பலகையைப் பார்க்காமல் இருப்பதற்குக் காரணம் வேறாக இருக்கலாம்.

இரண்டையும் பிரித்தறிய வைத்தியர்கள் கேட்கும் கேள்விகள் உண்டு. இந்த இயல்பு எப்போது தொடங்கியது? அவதானக் குறைபாடு சிறுவயதிலேயே தெரியத் தொடங்கும். 12 வயதுக்கு முன்னரே அறிகுறிகள் இருந்திருக்கவேண்டும் என்பது இன்றைய வரையறை. வீட்டிலும் பாடசாலையிலும் ஒரேபோல இருக்கிறதா, ஒரு இடத்தில் மட்டுமா? ஒரு இழப்புக்கோ இடப்பெயர்வுக்கோ பின்னர் வந்த மாற்றமா? இவற்றுக்குப் பதில் தெரிந்தவர்கள் தாயும் தகப்பனும் அம்மம்மாவும் வகுப்பாசிரியையும்தான். வைத்தியரிடம் போகும்போது பிள்ளையின் கொப்பிகளையும் ஆசிரியரின் குறிப்பையும் கொண்டுபோவது உதவும். வீட்டில் நடந்த இழப்புகளை, கேட்காவிட்டாலும், சொல்லிவிடவேண்டும். உண்மையாகவே அவதானக் குறைபாடுள்ள பிள்ளைக்கு மருந்தை மறுப்பதும் அநீதிதான். வளர்ப்புக் குற்றம் என்று தாயைக் குறைசொல்லி ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு உதவி கிடைக்காமற்போனதைப் பிராட்லியின் கதையே காட்டுகிறது.

எம்மாவின் பெயரிலான வைத்தியசாலை இன்றும் கிழக்கு புரொவிடன்ஸில் இயங்குகிறது. கணக்குக் குளிசையின் விளைவு அங்கே கண்ணில்பட்டதற்குக் காரணம், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று நாள்தோறும் பார்த்து எழுதிக்கொண்டிருந்த ஆசிரியர்களும் தாதியரும். குளிசை எழுதிக்கொடுக்கப்படும் நம் பிள்ளைகளுக்கும் அதே கவனிப்பு வேண்டும். மருந்து தொடங்கிய பின் பிள்ளை எப்படி இருக்கிறது என்று அடுத்த கிளினிக் வரை எழுதிவைக்க ஒரு கொப்பி போதும்.